விண் என்றால் வானமில்லை

தை மாதக் கடைசி. புளியங்குளச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி முல்லைத்தீவுப் பக்கம் போகும் வீதியில் கொஞ்சத் தூரம் நடந்தேன். மெசின் வெட்டிப்போன வயல். அடிக்கட்டைகளுக்கு மேலே வாடைக்காற்று. எங்கோ மேலே ஒரு ரீங்காரம் கேட்டது. வண்டு இல்லை, தூரத்து உழவு இயந்திரமும் இல்லை. அண்ணாந்து தேடினால் வெயிலுக்குள் ஒரு புள்ளி. அதன் நூல் வந்து இறங்கிய வரம்பில் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க பெடியன் ஒருவன் குந்தியிருந்தான். நூலைக் கால் பெருவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கையில் கச்சான் சரையை வைத்துக் கொறித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, விண் நல்லாக் கூவுது" என்றேன். பெருமையாகச் சிரித்தான். நான் படிப்பித்து ஓய்ந்தவன். கேள்வி கேட்காமல் இருக்க ஏலாது.

"உதுக்கேன் விண் எண்டு பேர்?"

"கூவுறபடியா."

"வானத்தையும் விண் எண்டுதானே சொல்லுறது?"

"அது புத்தகத்திலை, சேர்."

நான் வீதிக்கு ஏறவில்லை. வரம்பிலேயே இருந்துவிட்டேன்.

தமிழகத்து வாசகருக்கு விண் என்றால் என்ன பொருள் என்பதை முதலில் சொல்லவேண்டும். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பட்டத்தின் தலைப்பக்கத்தில், நடுத்தடியின் நுனிக்குக் கிட்ட, சின்ன வில் ஒன்றைக் கட்டுவார்கள். வளைத்த மூங்கில் சிலாகை; அதன் இரு முனைக்கும் நடுவே நூலுக்குப் பதிலாகத் தட்டையான நார். காற்று அந்த நாரை அறுத்துக்கொண்டு போகும்போது நார் முறுகி முறுகி அதிரும். கீழே நிற்பவனுக்கு அது ஒரே சீரான கூவலாக வந்து சேரும். இந்த வில்லுக்குத்தான் விண் என்று பெயர். அதைப் பொருத்துவது 'விண் பூட்டுதல்'. அது ஒலிப்பது 'விண் கூவுதல்'. பட்டத்தை நாங்கள் விடுவதில்லை, ஏற்றுவோம். நல்ல காற்றென்றால் இரவில் இறக்கவும் மாட்டோம். மரத்தில் நூலைக் கட்டிவிட்டுப் போய்ப் படுத்தால் விடியும்வரை அது தலைக்கு மேலே கூவிக்கொண்டு கிடக்கும்.

இந்தப் பெயருக்கு நான் வகுப்பில் வருடக்கணக்காகச் சொல்லிவந்த விளக்கம் ஒன்று உண்டு. விண் என்றால் வானம். வானத்தில் பறக்கும் பொருளுக்குக் கட்டுவது, ஆகவே விண். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். சங்கப் பாடல்களில் விண் வானம்தான், தெலுங்கிலும் விண்ணுக்கு வானம் என்றே பொருள், பிறகென்ன? ஆனால் விளக்கத்தில் ஓட்டை இருந்தது. எல்லாப் பட்டமும் வானத்தில்தான் பறக்கிறது. விண் இல்லாத பட்டமும் அதே உயரத்துக்குப் போகிறது. அதை யாரும் விண் என்பதில்லை. கட்டிலுக்குக் கீழே தூசி படிந்து கிடக்கிற, இன்னும் ஒரு பட்டத்திலும் பூட்டாத வில்லுக்கோ விண் என்றே பெயர். வானத்தையே காணாத பொருளுக்கு வானத்தின் பெயர் எப்படி வந்தது? வகுப்பில் ஒரு பிள்ளைகூட இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே திருந்தியிருப்பேன்.

இரண்டாவது விளக்கம் இதைவிடக் கெட்டித்தனமானது: வில் என்பதுதான் விண் ஆயிற்று. வடிவம் வில். பூட்டுதல் என்ற வினையும் வில்லோடு நெடுநாள் உறவுள்ளது. நாணை வில்லில் ஏற்றுவது நாண் பூட்டுதல். நன்னூல் எட்டுப் பொருள்கோளில் ஒன்றைப் பூட்டுவில் என்றே சொல்கிறது. வில்லின் இரு முனையையும் நாண் சேர்ப்பதுபோலச் செய்யுளின் முதலும் முடிவும் சேர்ந்து பொருள் தருவது அது. கடல் கடந்தும் துணை கிடைக்கும். மலாய்க்காரரின் 'வாவ்' பட்டத்துக்குத் தலையில் இதே கருவி உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பூசூர்'. மலாயில் பூசூர் என்றால் வில்.

ஆனாலும் நாக்கு இதற்கு ஒத்துவரவில்லை. தமிழில் லகர மெய் மெல்லெழுத்தைச் சந்தித்தால் றன்னகரமாகத்தான் மாறும்: கல்லும் மலையும் சேர்ந்தால் கன்மலை. டண்ணகரமாக மாறுவது ளகரம்: முள்ளும் மரமும் சேர்ந்தால் முண்மரம். வில் திரிந்திருந்தால் 'வின்' வந்திருக்கவேண்டும். எங்கள் பக்கத்துப் பெடியள் மூன்று சுழியையும் இரண்டு சுழியையும் எழுத்தில் மாறிப் போட்டுப் புள்ளி இழப்பார்கள், வாயில் மாற்ற மாட்டார்கள். விண் என்று நாக்கை மேலே மடித்துத்தான் சொல்கிறார்கள்.

பேச்சுத் தமிழில் எங்கே இலக்கணம் என்று கேட்பவர்கள் புளியங்குளம் ரயில் நிலையத்துப் பலகையைப் பார்க்கலாம். புளி என்பது மரத்தைக் குறித்தால் 'அம்' சாரியை வரும், சுவையைக் குறித்தால் வராது, வெறும் மெல்லெழுத்து மிகும் என்று தொல்காப்பியம் இரண்டையும் பிரித்து வைக்கிறது. புளியமரத்துக் குளம் ஆகையால் புளியங்குளம். குளத்து நீர் புளித்திருந்தால் இந்த ஊர் புளிங்குளம் ஆகியிருக்கும். இங்கே முதலில் காடு வெட்டிக் குளம் கட்டியவர்கள் தொல்காப்பியத்தைத் திறந்து பார்த்தா பெயர் வைத்தார்கள்?

ஆக வானமும் இல்லை, வில்லும் இல்லை. மிச்சம் இருப்பது பெடியன் சொன்னதுதான்: கூவுறபடியா. இழுத்துக் கட்டிய எதையும் விரலால் சுண்டிப் பாருங்கள். விண் என்கிறது. கட்டு வந்த விரல் 'விண் விண்' என்று இடிக்கிறது. முழவின் தோல் விண்ணென்று நிற்கிறது. காய்ச்சலில் தலை விண்ணென்று வலிக்கிறது. இவற்றில் ஒன்றிலும் ஆகாயம் இல்லை. எல்லாவற்றிலும் இழுவிசை இருக்கிறது, அதன் அதிர்வு இருக்கிறது. நாரும் அதே சாதி. அது சொன்ன பேரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.

பிள்ளைகள் பெயர் வைக்கிற முறையே இதுதான் என்று எனக்குப் படுகிறது. கிலுகிலுப்பை தன் பெயரைத் தானே சொல்லும். பூவரசம் இலையைச் சுருட்டி ஒரு முனையை நசித்து ஊதினால் அது பீப்பீ. பெரியவர்கள் வைக்கும் பெயருக்குக் கண் வேண்டும், கொஞ்சம் கல்வியும் வேண்டும். பிள்ளைக்குக் காது போதும். பட்டத்திலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். பட்டம் என்ற பெயர் கண் வைத்தது: நெற்றிப்பட்டம், பட்டை, பட்டயம் என்று தட்டையாகப் பரந்தவற்றோடு சேர்த்த பெயர். வட இந்தியாவில் 'பதங்' என்பது வேறு வழி. சமஸ்கிருதப் பதங்கம், பறப்பது. தமிழகம் காற்றாடி என்கிறது. எங்களுக்குக் காற்றாடி என்றால் பனையோலையில் மடித்து முள்ளில் குத்திச் சுழல விடுவது. தமிழகத்தில் பட்டத்தின் நெஞ்சில் போடும் முடிச்சு 'சூத்திரம்', அதாவது சும்மா நூல். எங்களுக்கு அது 'முச்சை'. பட்டத்திலிருந்து வரும் மூன்று நூல் ஒரு முடிச்சில் சேரும் இடம். முச்சந்தியில் உள்ள அதே மூன்றுதான் இதிலும் என்று நினைக்கிறேன். கண்டி வீதியோடு முல்லைத்தீவு வீதி வந்து முட்டுகிற புளியங்குளச் சந்தியையும் மேலேயிருந்து பார்த்தால் ஒரு முச்சைதான்.

விண் செய்வதில் பெயரின் காரணம் இன்னும் நெருக்கமாகத் தெரியும். பச்சைப் பனைமட்டையில் நார் உரித்து, உடைந்த போத்தல் கண்ணாடியால் இருபுறமும் வழித்து எடுப்போம். தடித்துப்போனால் நார் அசையாது. மெலிந்துபோனால் முதல் காற்றிலேயே அறும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கத்து விரல் நிழலாகத் தெரியவேண்டும், அதுதான் பதம். பிறகு முனைகளில் கட்டி, வில்லைக் காதுக்குக் கிட்டப் பிடித்துப் பெருவிரலால் சுண்ட வேண்டும். 'டப்' என்றால் தளர்வு. 'விண்' என்றால் சரி. பட்டம் ஏறுவதற்கு முந்தியே, வீட்டு விறாந்தையில் இருந்தபடியே, அது தன் பெயரைச் சொல்லிவிடுகிறது. அகன்ற நார் தடித்த குரலில் முழங்கும், ஒடுங்கிய நார் கீச்சிடும், இறுக்கினால் குரல் ஏறும். நாங்கள் பெடியளாக இருந்தபோது அறுந்த கசற் நாடாவைக்கூடக் கட்டிப் பார்த்தோம். சத்தம் வந்தது. ஆனால் அழுகிற சத்தம். தாள் ஒட்டப் பசைக்கு நறுவிலிப் பழம்; தமிழகத்தில் அதை மூக்குச்சளிப் பழம் என்கிறார்கள். கையில் நசித்துப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை மறுக்க மாட்டார்கள்.

நாரைக் கட்டிக் காட்டில் இசை எழுப்புகிற வேலை தமிழில் புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் ஆயனைக் காட்டுகிறார். கடைந்த தீயின் கொள்ளியால் துளையிட்டுக் குழல் செய்து ஊதுகிறான். அது அலுத்துப்போகிறது. குமிழ மரத்தின் உள்துளையுள்ள கிளையை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்துகொள்கிறான். எவரும் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததாக இல்லை. மாடு மேய்ப்பவனுக்குப் பொழுது போகவேண்டும், கைக்கெட்டிய தூரத்தில் மரமும் நாரும் நிற்கிறது. எங்கள் விண்ணுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அவன் விரலால் எறிந்தான், இங்கே அந்த வேலையைக் காற்று செய்கிறது.

காற்று வாசிக்கும் யாழ் என்று நான் ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. சீனர்கள் பட்டத்துக்கு வைத்திருக்கும் பெயரின் நேர்ப்பொருளே அதுதான். 'ஃபெங்' என்றால் காற்று. 'ஜெங்' என்பது மடியில் அல்லது மேசையில் கிடத்தி வாசிக்கும் பல நரம்புக் கருவி. இரண்டும் சேர்ந்த ஃபெங்ஜெங் இன்று எந்தப் பட்டத்துக்கும் பெயர். ஆனால் அதற்கு முந்திய பெயர் வேறு: 'ஜியுவான்', தாள் பருந்து. அதற்கும் முந்தி மரப் பருந்து. தத்துவஞானி மோசி மூன்று வருடம் பாடுபட்டு மரப் பருந்து ஒன்று செய்தாராம், அது ஒரே நாள் பறந்து உடைந்ததாம் என்று ஹான் ஃபெய் எழுதிவைத்திருக்கிறார்.

பருந்து எப்படி யாழ் ஆயிற்று என்பதற்கு மிங் காலத்து நூலொன்று கதை சொல்கிறது. பத்தாம் நூற்றாண்டில், ஐந்து அரச மரபுகளின் காலத்தில், லி யே என்ற அரண்மனைக்காரர் தாள் பருந்து ஏற்றி விளையாடினார். அதன் தலையில் மூங்கில் குழல் ஒன்றைக் கட்டினார். காற்று புகுந்து ஜெங் வாசிப்பதுபோல ஒலித்தது. அன்றிலிருந்து பட்டம் ஃபெங்ஜெங் ஆயிற்று. கதை அழகாக இருக்கிறது. அழகாக இருக்கும் சொற்பிறப்புக் கதைகளிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. விண்ணுக்கு நானே ஒன்று சொல்லித் திரிந்தவன். தவிரவும் அந்தச் சொல் லி யேக்கு முந்தியே இருந்தது. தாங் காலத்தில் கூரை இறப்பில் தொங்கவிட்டு, காற்றில் மோதி ஒலிக்கும் உலோகத் துண்டுகளுக்கு ஃபெங்ஜெங் என்று பெயர். இறப்பில் தொங்கிய பெயர்தான் பிறகு பட்டத்தில் ஏறியது. எப்படி ஏறியிருந்தாலும் ஏற்றிவிட்டது சத்தம்தான்.

எனக்கு வியப்பாக இருப்பது அதற்குப் பிறகு நடந்தது. சீனத்தில் காது வைத்த பெயர் முழுப் பட்டத்தையும் பிடித்துக்கொண்டது. 1984இலிருந்து ஷான்டுங் மாகாணத்து வெய்ஃபாங் நகரில் சர்வதேசப் பட்டத் திருவிழா நடக்கிறது. அங்கே ஏறும் பட்டங்களில் வாயே திறக்காதவை எத்தனையோ, அவற்றுக்கும் பெயர் காற்று யாழ். எங்களிடத்தில் காதின் பெயர் அந்த வில்லை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. பட்டம் பட்டமாகவே இருந்தது, விண் விண்ணாகவே நின்றது. அதனால்தான் 'விண் கூவேல்லை' என்று எங்களால் சொல்ல முடிகிறது. பட்டம் நல்லபடி ஏறி நிற்கிறது, குறை நாரில்தான் என்று அந்த இரண்டு சொல்லிலேயே விளங்கிவிடும்.

கண் வைத்த பெயர்களில் ஒரு பறவை மட்டும் ஊர் ஊராகப் பறந்திருக்கிறது. சீனரின் யுவான் பருந்து. ஆங்கிலத்தில் பட்டத்துக்குச் சொல்லும் 'கைட்' முதலில் பருந்தின் பெயர். எங்கள் பெடியள் செய்வது பிராந்துப் பட்டம். பிராந்து என்பது எங்கள் வாயில் உருமாறிய பருந்துதான். ஒரே இடத்தில் சிறகடிக்காமல் காற்றில் சாய்ந்து நிற்கிற பறவையை ஒருமுறை பார்த்தவனுக்கு வேறு உவமை தேவைப்படாது. கொக்குப் பட்டம், வௌவால் பட்டம் எல்லாம் உண்டு. எட்டுமூலைப் பட்டம் என்பது கணக்குப் பிள்ளை வைத்த பெயர்போல இருக்கிறது. வருடாவருடம் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் போட்டிக்கு இப்போது கப்பலும் தேரும் மிருகங்களுமாக ஏற்றுகிறார்கள். அங்கே ஏறுவதற்கெல்லாம் பெயர் வைத்துக் கட்டாது.

அப்படியானால் கூவும் பட்டம் கிழக்கேயிருந்து கப்பலில் வந்ததா? நண்பர் ஒருவர் அடித்துச் சொல்வார். சீனம், வியட்நாம், கம்போடியா, மலாயா, பாலி என்று கூவும் பட்டங்களின் ஊர்களை அவர் விரல் விட்டு எண்ணுவார். சென்னையின் மாஞ்சாக் காற்றாடி அறுக்குமே தவிரக் கூவாது. வல்வெட்டித்துறையார் பர்மாவரை பாய்க்கப்பல் ஓட்டியவர்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. பட்டமா வந்திருக்காது என்று கேட்பார்.

பொருள் வந்திருக்கலாம். பெயர் வரவில்லை என்பது மட்டும் என் பக்கத்து வாதம். கப்பலில் வந்த விளையாட்டு பெயரையும் கூட்டிக்கொண்டுதான் இறங்கும். தமிழகத்துப் பிள்ளைகள் கோலி அடிக்க, நாங்கள் போளை அடிப்பது போர்த்துக்கேயன் 'போலா' என்று பந்துக்குச் சொன்னபடியால். கரம், கிரிக்கெட் இரண்டும் பெயரோடு வந்தவை. மலேசியாவில் 1989இல் வெளியிட்ட நாணயங்களில் ஐந்து சென்னில் பம்பரம், பத்துச் சென்னில் பல்லாங்குழி, ஐம்பது சென்னில் வாவ் பட்டம் இருக்கிறது. அங்கத்தைய தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது வாவ்தான். விண்ணில் பூசூரும் இல்லை, ஜெங்கும் இல்லை. அந்தப் பெயர் இங்கே, ஒரு நாரைச் சுண்டிப் பார்த்த விரலில் பிறந்தது.

காதால் பெயர் வைக்கும் பழக்கம் பிள்ளைகளோடு நின்றுவிடவும் இல்லை. 1997 மே 13இல் வவுனியாவிலிருந்து கண்டி வீதியைத் திறக்கவென்று தொடங்கிய படை நடவடிக்கைக்கு 'ஜெயசிக்குறு' என்று பெயர். வெற்றி நிச்சயம் என்று சிங்களத்தில் பொருள். அது எழுதிவைத்த பெயர். மாதக்கணக்காகப் புளியங்குளச் சந்தியைச் சுற்றித்தான் சண்டை நடந்தது. சனம் வடக்கே காட்டுக்குள் போனது. போன சனம் வைத்த பெயர்கள் வேறு வகை. குண்டு கொட்ட வந்த சரக்கு விமானம் 'சகடை', கட்டைவண்டி போலக் கடகடத்து வரும். ஆளில்லாமல் வட்டமடித்து வேவு பார்த்தது 'வண்டு'. இலைகளுக்குக் கீழே படுத்திருப்பவருக்கு விமானத்தின் வடிவம் தெரியாது, சத்தம் மட்டும்தான் வரும். அந்த வருடங்களில் வன்னிப் பிள்ளைகளுக்கு வானத்தில் ரீங்காரம் கேட்டால் அண்ணாந்து பார்க்கிற பழக்கம் இல்லை. பதுங்குகுழிக்குள் இறங்குகிற பழக்கம்தான். அதை நினைத்துக்கொண்டுதான் அன்று அந்தப் பெடியனின் பட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பிறந்தது அதற்கெல்லாம் பிறகு. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிவரை கோச்சி திரும்ப ஓடத் தொடங்கியதையே அவன் வீட்டில் சொல்லக் கேட்டுத்தான் அறிந்திருப்பான்.

வெயில் சாயக் காற்று விழுந்தது. கூவல் இறங்கி, திக்கி, கரகரத்தது. அவன் எழுந்து கையை மாற்றி மாற்றி நூலை இழுத்தான். பட்டம் வரம்பில் வந்து குப்புற விழுந்தது. நாலுமூலை, சிவப்பு ரிசுப் பேப்பர், ஒரு மூலையில் பள்ளிக்கூடக் கொப்பித் தாளால் ஒட்டுப் போட்டிருந்தது. எழுத்துத் தெரிந்தது, கணக்குப் பாடம். பட்டத்தை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டான்:

"வேறை நாட்டிலையும் இப்பிடிக் கட்டுறவையோ, சேர்?"

சீனாவைப் பற்றிச் சொன்னேன். லி யேயை விட்டுவிட்டேன். பட்டத்துக்கே அவர்கள் காத்து யாழ் என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்றேன். ஒரு கச்சானை உடைத்து வாயில் போட்டு யோசித்தான்.

"அப்ப அங்கை விண்ணுக்கு என்ன பேர்?"

இந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. அவன் பதிலுக்குக் காத்திருக்கவுமில்லை. விரலில் எச்சில் தொட்டு நாரின் நீளத்துக்குத் தடவினான். ஒரு முனையை அவிழ்த்து, பல்லால் கடித்து இழுத்து, இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டினான். வில்லைக் காதோடு வைத்துச் சுண்டினான். டப் என்றது. முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் முனையை அவிழ்க்கத் தொடங்கினான்.